பிறகு நினைவூட்டவும்

அன்புள்ள தம்பி,

கடந்த வெள்ளிக்கிழமை காலை, சுவாமிக்கு விளக்கேற்றியபின், உன் அப்பா நம் வீட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யச் சம்மதித்தார். இதை நான் பொறுப்புடன் அறிவிக்கிறேன். முடிவு எட்டப்பட்டபோது குடும்பத்தின் இரு தரப்பும், அதாவது அவரும் உன் அம்மாவாகிய நானும், முன் அறையில் சமுகமளித்திருந்தோம். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கதிரையில் அமர்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ‘புதுப்பித்து மறுதொடக்கம் செய்க’ என்ற பொத்தானைத் தானும் வாசித்து எனக்கும் வாசித்துக் காட்டினார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அவரும் பெரியப்பாவும் நடத்திய மாத்தறைக் கடையை விற்றபோதும் இப்படிக் குனிந்து பார்த்துத்தான் கையெழுத்து வைத்தாராம். பிறகு, “சரி, நடக்கிறது நடக்கட்டும்” என்று அழுத்தினார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவள். ஒரு யுகம் முடிவதை நேரில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு இதுதான் முதல் தடவை. மற்ற யுகங்கள் முடிந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம்.

இதைத் தாளில் எழுதி ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன் என்று நீ சிரிக்கலாம். மின்னஞ்சலை அதிகம் நம்பவேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னவன் நீதான். நான் சொல்வழி கேட்பவள். ரொறன்ரோவுக்குப் போய்ச்சேர எவ்வளவு காலம் ஆகும் என்று கந்தோரில் விசாரித்தேன். “சாதாரண தபாலெண்டால் ஆறுதலாத்தான் போகும் ரீச்சர். அவசரமோ?” என்று கேட்டார் அங்கிருந்தவர். அவசரம் இல்லை, ஆறுதலாகவே போகட்டும் என்றேன். ஆகவே இது உன் கையில் கிடைக்கும்போது உன் கலியாணம் முடிந்திருக்கும். குசினியில் நின்று புது மனைவிக்கும் வாசித்துக் காட்டு. எப்படிப்பட்ட வீட்டுக்குள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

நீ கடைசியாக வந்து நின்றபோது பொருத்தித் தந்துவிட்டுப் போன கணினி அது. போகும்போது ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாய். “அப்பா, அப்டேட் கேட்டால் ஓமெண்டு விடுங்கோ.” உன் அப்பா வாழ்க்கையில் பல காரியங்களுக்கு ஓம் என்று சொல்லியிருக்கிறார். இதற்குச் சொல்லவில்லை. திரையின் மூலையில் அந்தப் பெட்டி வந்து நிற்கும். அதில் இரண்டு பொத்தான்கள் உண்டு. அவருக்குத் தெரிந்தது ‘பிறகு நினைவூட்டவும்’ என்ற ஒன்று மட்டும்தான். ஒவ்வொரு நாளும் காலைத் தேநீருக்கு முன் அதை அழுத்துவது அவருடைய நித்திய கடமையாகியது. நான் ஏன் என்று கேட்டேன். “எங்கட வீட்டுக்கை வேலை செய்ய இவைக்கு ஆர் சொன்னது? வேலையும் தொடங்கிப்போட்டு, வீட்டுக்காரனை வெளியிலை நிண்டு பார் எண்டுறாங்கள்” என்றார். கணினிக்குள் ஓட்டை இருக்கிறது, அதைத்தான் அடைக்கிறார்கள் என்று நீ சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். “அப்ப ஓட்டையோடையோ எங்களுக்கு வித்தவை?” என்று கேட்டார். அதை அப்படியே உன்னிடம் கேட்டேன், நீ கதையை மாற்றினாய்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் வெளியே சொல்வதில்லை. நம் வீட்டுக்கு இணையம் சிம் அட்டையில் அளந்துதான் வருகிறது. ஒரு முறை நீ தூரத்தில் இருந்தபடி எதையோ புதுப்பித்தாய். அந்த மாதத்து இணையம் அத்தோடு தீர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரான்சில், பரிஸ் நகரிலிருந்து பெரியப்பா அழைத்தபோது அவருடைய முகம் பாதி வாய் திறந்தபடி திரையில் நின்றுவிட்டது. அப்பா அந்த முகத்துக்கு முன்னால் வெகுநேரம் இருந்தார். அன்றிலிருந்து இணையம் என்பது ஞாயிறு பின்னேரத்துக்காகச் சேர்த்துவைக்கப்படும் பொருள். பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்பதும், கிழமைக்கு மூன்று தரம் இயந்திரத்தோடு பிணைத்து இரத்தம் சுத்தம் செய்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அந்த இயந்திரத்திடமிருந்து தப்பி வந்து அவர் தம்பியோடு கதைக்கும் நாள் ஞாயிறு. கதைப்பது என்ன? மாத்தறைக் கடையில் எந்தச் சாக்கு எந்த மூலையில் இருந்தது என்பதுதான். அதைப்பற்றி இருவருக்கும் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு.

அந்தக் கடையைப்பற்றி ஒன்று சொன்னால்தான் அடுத்தது விளங்கும். அதற்குப் பலகைக் கதவு. அடைக்கும்போது பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். ஆனால் ஓரத்துப் பலகை ஒன்றை மட்டும் செருகமாட்டார்கள். தெரிந்தவர் யாராவது சீனியோ தேயிலையோ தேடி வந்தால் கதவு முழுதாகச் சாத்தியிருப்பதைக் கண்டு மனம் நோகக்கூடாது. சகோதரர் இருவரும் இதைப் பெருந்தன்மை என்று சொல்வார்கள். அந்த இடைவெளியின் வழியாகச் சீனி வாங்காமல் சீனி எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு என்பதை, நான் கேட்டால் மட்டும் சொல்வார்கள். இந்த அனுபவத்தோடுதான் உன் அப்பா கணினிக்குப் பொறுப்பேற்றார். கடவுச்சொல் வைக்கச் சொன்னாய், வைத்தார். ஊர்ப் பிள்ளையாரின் பெயரும் நீ பிறந்த ஆண்டும். பிறகு அதை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டினார். நம் ஊர் சுருவிலில் பாதிச் சனம் பரீட்சை முடிவு பார்க்கவும், பிள்ளைகளின் முகம் பார்க்கவும் நம் வீட்டுக்குத்தானே வருகிறது. “வாற ஆக்களைப் பார்த்துப் பூட்டி வைச்சிருக்கிறான் எண்டு நினைக்கப்படாது” என்றார். பூட்டும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

பிறகு உன் கலியாணம் நிச்சயமானது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. நாங்கள் திரும்பி வருவோம் என்று அவர்கள் நம்பவில்லை; தீவுப்பகுதியிலிருந்து போனவர்களைப்பற்றி அவர்களுக்கு நீண்ட அனுபவம் இருக்கவேண்டும். ஆகவே உன் தாலிகட்டை இந்தக் கணினியில்தான் பார்ப்பது என்று தீர்மானமாகியது. அந்த நாளிலிருந்து அப்பா அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தினார். ‘பிறகு நினைவூட்டவும்’ என்பதை முன்பு சோம்பலாக அழுத்தியவர் இப்போது கொள்கையோடு அழுத்தினார். “கலியாணம் முடியட்டும். பிறகு அவை விரும்பினதைச் செய்யட்டும். இப்ப ஏதும் செய்யப்போய்ப் பெடியன்ரை தாலிகட்டு நிண்டுபோச்செண்டால் நீரோ பதில் சொல்லுறது?”

உன் மனைவி கனடாவில் பிறந்தவள். அவளுக்காகத் துடக்கு என்னும் சாவுத் தீட்டைப்பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். அப்பாவின் கூடப்பிறந்தவர் இறந்தால் எங்களுக்கும் உனக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாள்களில் கோயிலும் இல்லை, கலியாணமும் இல்லை. ஆனால் நம் முன்னோர் இரக்கமுள்ளவர்கள். ஒரு ஓட்டையும் விட்டுவைத்தார்கள். சாவு நடந்தால் மட்டும் துடக்கு வராது. அது உன் காதில் விழவேண்டும். கேட்காதவனுக்குத் துடக்கு இல்லை. அதனால்தான் நம் சனங்கள் கலியாண வீட்டுக்குச் சாவு சொல்வதில்லை. மாப்பிள்ளை தாலி கட்டி, சாப்பிட்டு, படம் எடுத்து முடியும்வரை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு வெற்றிலை போடுவார்கள். பிறகு ஒருவர் மெதுவாக வந்து தோளில் கை வைப்பார். தோளில் கை வைக்கும்போதே எல்லாம் விளங்கிவிடும். கணினிக்கு வரும் வைரசும் ஏறக்குறைய இந்தச் சாத்திரத்தைத்தான் பின்பற்றுகிறது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. தலைப்பு: மரண அறிவித்தல். அனுப்பியவரின் முகவரி எங்களுக்குத் தெரியாதது; ஆனால் மரண அறிவித்தல் தெரிந்த முகவரியிலிருந்துதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? ‘யாழ். தீவகத்தைப் பிறப்பிடமாகவும் பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட’ என்று முறைப்படி தொடங்கியது. பெயர் வரவேண்டிய இடத்தில் ‘விபரத்துக்கு இணைப்பைத் திறக்கவும்’ என்று நின்றது. எழுதியவன் எந்த நாட்டுக் கள்ளனோ தெரியாது. எங்களை நன்றாகப் படித்திருக்கிறான். லொத்தர் விழுந்தது என்று வந்தால் நாங்கள் திறக்கமாட்டோம். எங்கள் அதிர்ஷ்டம் எங்களுக்குத் தெரியும். சாவு என்று வந்தால் திறக்காமல் இருக்கும் தீவான் இன்னும் பிறக்கவில்லை.

“தொடாதையும்” என்றார் அப்பா.

“நான் தொடேல்லையே.”

“மவுஸிலை இருந்து கையை எடும்.”

எடுத்தேன். அவர் அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்ப வாசித்தார்.

“பிரான்ஸ் எண்டு கிடக்கு” என்றார்.

“பிரான்சிலை எங்கட ஆக்கள் எத்தினை பேர். அது உங்கட அண்ணைதான் எண்டு என்ன கட்டாயம்? திறந்து பாப்பமே?”

“திறந்தால் துடக்கு.”

“திறக்காட்டில்?”

“திறக்காட்டில் ஒருத்தரும் சாகேல்லை.”

பரிசுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்போம் என்றேன். “எடுத்தால் சொல்லிப்போடுவாங்கள்” என்றார். அது சரிதான். திறக்கவும் ஏலாது, திறக்காமல் இருக்கவும் ஏலாது. இருவரும் சாப்பிடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் உன் அப்பா, மாத்தறையில் வரிக்காரர்களையே சமாளித்த மனிதர், ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த வளவுத் தவமணியைக் கூப்பிடுவது. தவமணி சரவணையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். எங்களுக்கும் அவளுக்கும் இரத்த உறவு இல்லை. அவள் வீட்டில் இப்போதைக்கு நல்ல காரியம் ஒன்றும் இல்லை. எல்லா வகையிலும் தகுதியானவள். அவள் திறந்து வாசிப்பாள். வாசித்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டு, கலியாணம் முடிந்தபின் எங்களுக்குச் சொல்வாள். துடக்கு வெளியே நிற்கும். விஷயம் பத்திரமாக அயல் வீட்டில் இருக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தக் கள்ளனும் எதிர்பார்த்திருக்கமாட்டான். எதிர்பாராமலேயே அவனுக்கு எல்லாம் வாய்த்தது.

கடவுச்சொல்லை அவளுக்குச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. நெற்றியில் இருந்தது. நாங்கள் இருவரும் கிணற்றடியில் போய் நின்றோம், காதில் விழாத தூரத்தில். ஆனால் தவமணியின் குரல் விழாத தூரம் சுருவிலில் இல்லை.

“ரீச்சர்! இது ‘அனுமதிக்கவோ’ எண்டு கேக்குது!”

“ஓமெண்டு குடு!” என்று கத்தினார் அப்பா.

“குடுத்திட்டன்! பிறகும் கேக்குது!”

“கேக்கிறதுக்கெல்லாம் ஓமெண்டு குடு பிள்ளை! வாசிச்சுப்போட்டுக் கெதியிலை வா!”

“ஆபத்து எண்டும் ஏதோ போட்டிருக்கு அண்ணை!”

“செத்த வீடெண்டால் பின்னை என்ன போடுவாங்கள்? ஓமெண்டு குடு!”

சற்றுநேரத்தில் அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். உள்ளே புழுக்கம் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. “ஒண்டுமில்லை ரீச்சர்” என்றாள். ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். “ஒண்டுமே இல்லை. ஒரு கறுத்தப் பெட்டி வந்தது, போட்டுது. வெறுமை.” அவள் அப்படிச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வேலியைக் கடந்து போனாள். அப்பா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். “எவ்வளவு பக்குவமான மனுசி” என்றார்.

அதன் பிறகு வந்த நாள்களைப்பற்றி நான் உனக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. சட்டப்படி எங்கள் வீட்டில் துடக்கு இல்லை. நடைமுறையில் மட்டும் இருந்தது. நான் மீன் வாங்கவில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் நோகிறது என்றார், நான் எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். அவர் பூசவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சவரம் செய்வதை நிறுத்தினார். உனக்குத் தெரியும், காய்ச்சலில் கிடந்தாலும் காலையில் சவரம் செய்பவர். கடையில் பெரியப்பா போட்ட விதி அது. முதலாளி தாடியோடு நின்றால் சனம் வீட்டில் சாவு என்றோ கடையில் நட்டம் என்றோ நினைக்கும். நான் அவருடைய கன்னத்தைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, “பிளேட் முடிஞ்சுது” என்றார். அலுமாரியில் ஒரு முழுப் பெட்டி பிளேட் இருந்தது. நான் அலுமாரியைத் திறக்காமல் விட்டேன். தவமணிதான் ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன ரீச்சர், உங்கட குசினியிலை மீன் வாசமே இல்லை? அண்ணையும் ஒரு மாதிரித் திரியிறார். ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?” என்று கேட்டாள். அவளுடைய நடிப்பை நான் மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் கணினி மணி அடித்தது. பெரியப்பாவின் மகன் ரவி அண்ணா விஷயம் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்து அப்பா பதில் கொடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் போய் அழுத்தினேன். திரை முழுவதும் பெரியப்பாவின் முகம்.

“டேய், ஆரடா செத்தது?” என்றார் அவர்.

அப்பா கதிரையிலிருந்து எழுந்து நின்றார்.

“உன்ரை பேரிலை மரண அறிவித்தல் வந்திருக்குது. ரவி திறந்தவன், உள்ளுக்கை ஒண்டுமில்லை. அவன்ரை கம்பியூட்டரும் அதோடை படுத்திட்டுது. ஆர் செத்தது? மனிசி எங்கை?”

“நான் இருக்கிறன் அத்தான்” என்று முன்னுக்குப் போய் நின்றேன்.

“அப்ப ஆர்?”

“நீங்கள்தான் எண்டு நினைச்சம் அண்ணை” என்றார் அப்பா.

பெரியப்பா தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தார். “அதுதானோ உந்தத் தாடி? நான் இன்னும் சாகேல்லை. முதல்லை போய் வழிச்சுக்கொண்டு வா, நான் நிக்கிறன்” என்றார். அப்பா கண்ணாடியும் தண்ணீரும் கொண்டுவந்து கணினிக்கு முன்னால் வைத்தே சவரம் செய்தார். “காதடியிலை விட்டிட்டாய்” என்றது பரிஸ். “நாடிக்குக் கீழை பார்.” சுருவில் கீழே பார்த்தது. அந்தக் கிழமைக்குச் சேர்த்துவைத்த இணையம் முழுவதும் ஒரு சவரத்துக்குப் போனது. முடிந்தபின் பெரியப்பா சிரித்து, அந்தச் சிரிப்பு நீண்ட இருமலாகி, அது அடங்கியதும் சொன்னார்: “இஞ்சை பார், எனக்கு ஏதும் நடந்தால் உனக்கு ஒரு அறிவித்தலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்காட்டில் விளங்கிக்கொள்.” “விசர்க்கதை கதையாதேங்கோ” என்றார் அப்பா.

மிச்சம் உனக்குத் தெரியும். நீதான் அதிகம் பட்டவன். உன் அப்பாவின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும், உலகம் முழுவதும், அவருடைய பெயரில் மரண அறிவித்தல் போயிருந்தது. உன் மாமனார் எங்களில் யார் இறந்தது என்று உன்னிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டாராம். ஒருவரும் இல்லை என்று நீ சத்தியம் செய்தபோது, கலியாணம் தடைப்படாமல் இருக்க மறைக்கிறாய் என்று நினைத்து உன்மேல் மதிப்புக் கூடியதாம். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத் திரையில் காட்டியபின்புதான் அவர் நம்பினார். அதிலும் ஏமாற்றம் அடைந்தவர்போலத்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் திரை சிவப்பாகி, உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுள்ளன என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. இந்த வீட்டில் ஒருவன் கடைசியாக ஒரு பூட்டுப் போட்டான், அதுவும் வெளியாள்.

கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் போனோம். பக்கத்தில் இருந்த மனுசி, “ஆசுபத்திரிக்கோ?” என்று கேட்டாள். “கிட்டத்தட்ட” என்றார் அப்பா. கணினி திருத்துபவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “அம்மா, இதுக்குள்ளை இப்ப உயிரோடை இருக்கிறது காத்தாடி மட்டும்தான். அப்டேட் கடைசியாய் எப்ப செய்தனீங்கள்?” என்று கேட்டான். அப்பா வெளியே போய் இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டான். நீ அனுப்பிய படங்களின் பிரதி உன்னிடம் இருந்ததால் அவை திரும்பி வந்தன. மாத்தறைக் கடைக்கு முன்னால் அப்பாவும் பெரியப்பாவும் நிற்கும் படம் வரவில்லை. அதன் மூலப்படம் பெரியப்பாவிடம் இருக்கிறது. கலியாணம் முடியட்டும், பிரதி எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது உன் விதிகள் எல்லாம் இந்த வீட்டில் அமுலில் உள்ளன. நெற்றியில் இருந்த தாளைக் கிழித்தாயிற்று. தவமணிக்கு விருந்தாளிக் கணக்கு ஒன்று கொடுத்திருக்கிறோம். அதில் அவளால் எதையும் பதிய ஏலாது. “என்னைப் பார்த்தோ பூட்டினீங்கள்?” என்று ஒரு கிழமை வரவில்லை. பிறகு தன் மகளின் முகம் பார்க்க வந்தாள். அப்பாவுக்குத் தனிக் கணக்கு, எனக்குத் தனிக் கணக்கு. தனித்தனி முகவரி, தனித்தனிக் கடவுச்சொல். என்ன சொல் வைத்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். “தம்பி சொல்லப்படாது எண்டவன். நீர் உம்மடை சொல்லைப் பத்திரமாய் வையும்” என்றார். கலியாணமாகி இத்தனை காலத்தில் உன் அப்பாவிடம் எனக்குத் தெரியாத ஒரு சொல் இருப்பது இதுவே முதல் தடவை. இந்த வயதில் ஒரு மனைவிக்கு இது கொஞ்சம் மரியாதையாகவே இருக்கிறது. புதிதாக்கிய கணினியும் முதல் கிழமையிலேயே புதுப்பிக்கவேண்டும் என்று கேட்டது. அதன் விளைவுதான் நான் தொடக்கத்தில் அறிவித்த வெள்ளிக்கிழமை. நீலத் திரையில் சதவீதம் ஏற ஏற, அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, வைத்தியசாலை வாசலில் இருப்பவர்போல இருந்தார். அது எழும்பி வந்து வணக்கம் சொன்னபோது, “இவ்வளவுதானோ?” என்றார்.

கலியாணமாகப் போகிற மகனுக்குத் தாய் புத்திமதி சொல்லவேண்டும் என்பது முறை. நான் களைத்துவிட்டேன், கணினியைப்பற்றிச் சொன்னதையே எடுத்துக்கொள். அவள் ஒன்று கேட்டால் கேள்வியை முழுதாகக் கேட்காமல் ஓம் என்று சொல்லாதே. ஓம் என்று சொல்லித் தப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் தப்பவில்லை. ‘பிறகு’ என்ற பொத்தானை எப்போதாவது அழுத்து, நித்திய கடமையாக்காதே. நானும் உன் அப்பாவும் எத்தனையோ விஷயத்தைப் பிறகு கதைப்போம் என்று விட்டிருக்கிறோம். சிலவற்றை இப்போது எடுத்துப் பார்த்தால் எதைப்பற்றிய கோபம் என்றே இருவருக்கும் நினைவில்லை. இது ஒரு வகையில் வசதிதான். ஆனால் இதற்கு நீண்ட ஆயுள் வேண்டும். அதை உனக்கு நான் உறுதி சொல்ல ஏலாது.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை காலை என் முகவரிக்கு ரவி அண்ணாவின் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, மரண அறிவித்தல். ஒரு இணைப்பு. தெரிந்தவரின் முகவரியிலிருந்து வந்தாலும் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்தாமல் திறக்கக்கூடாது என்பது உன் விதி. நான் திறக்கவில்லை. பரிசுக்கு எடுத்துக் கேட்கவும் இல்லை. அதை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினேன். அப்பா அப்போது கோயிலுக்குப் போயிருந்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய முகவரிக்கு ஏதும் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருடைய கடவுச்சொல் என்னிடம் இல்லை. கணினி நல்ல நிலையில் இருக்கிறது. உன் தாலிகட்டுக்குத் தேவையான இணையமும் சேர்ந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை, அதற்கு உரியது செலவாகவில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பா சவரம் செய்யவில்லை. பிளேட் முடிந்துவிட்டதாம்.